சதுர அடி என்ன ரேட் சார்?

மனைப் பத்திரத்தில் வைத்த கைநாட்டு மை காய்வதற்குள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. கேட்பதில் தப்பில்லை. ஆனால், 'கல்யாணத்துக்கு என்ன சார் ஆகும்?' என்று கேட்கிற மாதிரிதான் இதுவும். மண்டபமா கோயிலா, முந்நூறு இலையா மூவாயிரம் இலையா, நாதஸ்வரத்தோடு சரியா லைட் மியூசிக்கும் உண்டா... ஒன்றுமே கேட்காமல் ஒருத்தர் டக்கென்று 'இவ்வளவு' என்று சொன்னால் அவர் ஒன்று மகா மேதை. இல்லாவிட்டால் சமையல் கான்ட்ராக்டர்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முதல் மேஸ்திரி சதுர அடி 1,900 ரூபாய் என்கிறார். இரண்டாமவர் 2,200. மூன்றாமவர் இன்ஜினீயர், விசிட்டிங் கார்டெல்லாம் வைத்திருக்கிறார், 2,600 என்கிறார். நமக்கு உடனே 1,900-காரர் மேல் ஒரு தனிப் பாசம் பொங்குகிறது. "நம்ம ஊர் பக்கம்தானாம்பா... முகத்தைப் பார்த்தா ஏமாத்தற ஆளாத் தெரியலை!" வெண்டைக்காய் வாங்கும்போதுகூட நுனியை ஒடித்துப் பார்க்கிற ஜாதி நாம். இருபது லட்ச ரூபாய் சமாசாரத்தில் மட்டும் முகத்தைப் பார்க்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், மூன்று பேருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். 1,900-ல் தண்ணீர்த் தொட்டி கிடையாது. செப்டிக் டேங்க் கிடையாது. காம்பவுண்டு சுவர், கேட், போர், மோட்டார், மொட்டை மாடியில் தட்டோடு, ஈ.பி. கனெக்‌ஷன், பிளான் அப்ரூவல், எதுவும் கிடையாது. சொல்லப்போனால் சுவரும் கூரையும் உண்டு. மீதியெல்லாம் 'அது தனி சார்'.

வீடு கட்டுகிறவன் வாழ்க்கையில் மிக விலை உயர்ந்த வார்த்தை இந்த 'அது தனி சார்'தான்.

பதினைந்து மார்க் சாப்டர்

நான் படித்தது பி.காம். செங்கல்லில் எத்தனை வகை என்று கேட்டால் உடைந்தது, உடையாதது என்று இரண்டு சொல்வேன். ஆனால் காஸ்ட் அக்கவுன்டிங் பேப்பரில் 'கான்ட்ராக்ட் காஸ்டிங்' என்று ஒரு சாப்டர் வருமே, ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்கு முந்தின ராத்திரி டீயைக் குடித்துக்கொண்டு உருப்போட்டு, மறுநாள் விடைத்தாளிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்தோமே, அதேதான்!

அதில் மூன்று சொற்கள் வரும். ஒர்க் சர்டிஃபைட். ரிடென்ஷன் மணி. எஸ்கலேஷன் கிளாஸ். பாலம், அணைக்கட்டு கட்டுகிற பெரிய மனுஷர்களுக்காக எழுதியது என்று நினைத்து நாம் கை கழுவிவிட்டோம். நிஜத்தில் அது நமக்காக எழுதியது. விஷயம் இவ்வளவுதான்: எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று வேறொரு இன்ஜினீயர் பார்த்துச் சான்று தருவார். சான்று தந்த தொகையிலும் ஒரு பகுதியை நிறுத்திவைத்துக்கொண்டுதான் சொந்தக்காரர் பணம் தருவார். நிறுத்தி வைத்தது ரிடென்ஷன். வேலை பாதியில் இருக்கும்போது கான்ட்ராக்டரே தன் லாபத்தை முழுசாகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்கிறது புத்தகம். அவரே அவர் லாபத்தை நம்பக்கூடாதாம். நாம் அவரை முழுசாக நம்பி, பூமி பூஜைக்குத் தேங்காய் உடைக்கும்போதே கட்டுக்கட்டாக எடுத்து நீட்டுகிறோம்.

நாலு வகை ஒப்பந்தம், நாலு வகைத் தலைவலி

முதலில், எந்த வழியில் கட்டப்போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும்.

லேபர் கான்ட்ராக்ட்: சிமென்ட், கம்பி, மணல், செங்கல் எல்லாம் நாம் வாங்கித் தர வேண்டும். மேஸ்திரி ஆள் கொண்டுவந்து வேலை செய்வார். கூலி சதுர அடிக்கு இவ்வளவு என்றோ, சதுரத்துக்கு (நூறு சதுர அடி) இவ்வளவு என்றோ பேசிக்கொள்ளலாம். தனி வீட்டுக்கு வெறும் கூலி ஒப்பந்தம் என்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. பொருளின் தரம் நம் கையில். ஆனால் நீங்கள் ஆபீஸில் லெட்ஜரைத் திறக்கிற நேரத்தில்தான் போன் வரும். "சார், கட்டுக்கம்பி தீந்துபோச்சு. ஆள் எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கு!" ஆறு மாசத்துக்குக் கேஷுவல் லீவு, ஈ.எல்., மெடிக்கல் லீவு எல்லாவற்றையும் கட்டுக்கம்பிக்கே எழுதிவைக்க வேண்டியதுதான். சொந்த ஊரில் ரிட்டயர்டு அப்பா இருப்பவர்களுக்கு ஏற்ற முறை. அப்பாவுக்கும் பொழுது போகும், மேஸ்திரிக்குத்தான் போகாது.

மெட்டீரியலோடு சதுர அடி ரேட்: எல்லாம் அவர் பொறுப்பு, சாவியை நம் கையில் தருவார். ஆபீஸ்காரர்களில் பெரும்பாலோர் விழுவது இங்கேதான். தலைவலி குறைவு. ஆனால் எந்தச் செங்கல், எந்தக் கம்பி, எத்தனை கோட் பெயின்ட் என்று காகிதத்தில் இல்லாவிட்டால், மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாயும் அவருடையது. இதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. கோட்டேஷனின் கடைசி வரியில், எறும்பு சைஸ் எழுத்தில், 'வரி தனி' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 24 லட்சத்துக்கு அந்த எறும்பு நாலு லட்சத்துச் சொச்சம் தின்னும். ஜி.எஸ்.டி. பதிவே இல்லாதவர் அந்தப் பெயரில் வசூலிக்கக்கூடாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ஐட்டம் ரேட்: மண் தோண்ட கன அடிக்கு இவ்வளவு, செங்கல் வேலைக்கு இவ்வளவு, பூச்சுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பட்டியல் போட்டு, அளந்து பார்த்துப் பணம் தருவது. நாணயமான முறை. அளக்கத் தெரிந்த ஆள் ஒருத்தர் நம் பக்கம் வேண்டும். தமிழ்நாடு பொதுப்பணித் துறை ஒவ்வொரு வேலைக்கும் விலைப்பட்டியல் வெளியிடுகிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் யார் எங்கே ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரியும்.

காஸ்ட் ப்ளஸ்: ஆன செலவு, அதன் மேல் பத்து, பன்னிரண்டு சதவீதம் என்று கான்ட்ராக்டருக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் செலவு கூடினால் அவர் வருமானமும் கூடும்! செலவைக் குறைக்கச் சொல்லி அவரிடமே கேட்பது, சீட்டுக் கச்சேரியில் எதிராளியைப் பார்த்து 'எந்தச் சீட்டைப் போடட்டும்?' என்று கேட்பது மாதிரி.

படிப்படியாக ஏறும் வீடு... பணம் படிப்படியாக இறங்கும்

மண் வேலைக்கு முன்னால் காகித வேலை. 2,500 சதுர அடி வரை மனை, அதில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால், சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிவிடலாம். 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்த வசதி இது. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம். பிளானில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வீட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அஸ்திவாரம்: 'அஞ்சு அடி வரைக்கும்தான் நம்ம ரேட்டு சார்' என்பது பழைய வசனம். அஞ்சு அடியில் கெட்டி மண் வந்தால் புண்ணியம். களிமண் வந்தால் ஆறாவது அடியிலிருந்து மீட்டர் ஓடும். அதனால் ஒப்பந்தத்துக்கு முன்பே மண் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. ஜாதகம் பார்க்கச் செலவழிக்கிறோம், வாஸ்துவுக்குச் செலவழிக்கிறோம். வீட்டைத் தாங்கப்போகிற மண்ணுக்கு மட்டும் கஞ்சத்தனம்!

பேஸ்மென்ட்: நம் ஊரில் பேஸ்மென்ட் என்றால் பூமிக்கு அடியில் கார் நிறுத்துகிற இடம் இல்லை, தரைமட்டத்துக்கு மேலே எழுப்புகிற மேடை. ரோட்டை விட எத்தனை அடி உயரம் என்று எழுதி வாங்குங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமலே மேலே மேலே தார் போட்டு, தெருவே மாடிக்கு வந்துவிட்ட பேட்டைகள் நம் ஊரில் உண்டு. மூன்று அடி இருந்தால் பேரன் காலம் வரை தண்ணீர் உள்ளே வராது. உள்ளே மண் நிரப்பும்போது அரை அடி, முக்கால் அடி என்று அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். ஒரே நாளில் லாரியைக் கவிழ்த்து மூடிவிட்டால், இரண்டு வருஷம் கழித்து டைல்ஸைத் தட்டினால் கடம் வாசிக்கும். கரையான் மருந்து அடிக்கிற சமயமும் இதுதான்.

மணல் லாரி வந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். ஒரு யூனிட் என்றால் நூறு கன அடி. 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 294 கன அடி, அதாவது மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. நடுவில் கோபுரம் மாதிரி குவித்து, ஓரத்தில் பள்ளம் விட்டு வந்தால், கோபுர தரிசனத்தோடு நின்றுவிடாதீர்கள். சமமாகப் பரப்பச் சொல்லி அளங்கள்.

சுவர், லிண்டல்: சுவர் மளமளவென்று ஏறும். பார்க்கிறவர்கள், "பரவாயில்லையே, பாதி வீடு முடிஞ்சுதே!" என்பார்கள். முடியவில்லை. கண்ணுக்குத் தெரிகிற உயரத்துக்கும் ஆன செலவுக்கும் சம்பந்தமே கிடையாது. தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கிறார்களா, நாலு பக்கமும் தண்ணீர் அடிக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

தளம் போடும் நாள்: வீட்டுக்குக் கல்யாண நாள் இதுதான். மிக்ஸர் சத்தம், லிஃப்ட், முப்பது ஆள், பேட்டா, பிரியாணி. அன்று ஒருநாள் கட்டாயம் லீவு போடுங்கள். பிரியாணிக்காக இல்லை, மூட்டை எண்ணுவதற்கு!

கணக்கு சுலபம். 1,000 சதுர அடி தளம், 5 அங்குல கனம் என்றால் சுமார் 417 கன அடி கான்கிரீட். அதாவது ஏறக்குறைய 12 கன மீட்டர். எம்-20 தரத்துக்கு 1 : 1½ : 3 கலவையில் ஒரு கன மீட்டருக்கு 8 மூட்டை சிமென்ட் வேண்டும். ஆக, 95 மூட்டைக்குக் குறையாமல். பீம்களுக்குத் தனி. காலையில் சைட்டில் 60 மூட்டைதான் அடுக்கியிருக்கிறது என்றால், மீதியை எங்கிருந்து கொண்டுவரப் போகிறார் என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். கேட்டாலே போதும், மத்தியானத்துக்குள் லாரி வந்துவிடும்.

தண்ணீரும் அப்படித்தான். ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் கணக்கு. 'ஓடட்டும்பா, இழுக்க ஈஸியா இருக்கும்' என்று ஹோஸைப் பிடித்தால், கலவை பாயசமாகும், தளம் பலவீனமாகும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா, கரண்ட் பைப், ஃபேன் பாக்ஸ் எல்லாம் இடத்தில் இருக்கிறதா என்று முந்தின சாயங்காலமே உங்கள் இன்ஜினீயரை விட்டுப் பார்த்துவிடுங்கள். கான்கிரீட் மூடின பிறகு அது கடவுளுக்கும் மேஸ்திரிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

கம்பியை எடை போடாமல் எண்ணியே கணக்குப் பார்க்கலாம். விட்டத்தை எம்.எம்.மில் எடுத்து, அதையே அதால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்.எம். என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க 0.89 கிலோ. 12 மீட்டர் முழுக்கம்பி ஒன்று 10.7 கிலோவுக்குப் பக்கத்தில். நாம் மூணாங்கிளாஸில் படித்த வாய்ப்பாடு கடைசியில் உபயோகப்படுகிற இடம் இது!

போட்ட தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். ஐ.எஸ். 456 என்கிற இந்தியத் தரவிதி, சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், வெயில் காலத்திலும் சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கும் 10 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. சென்ட்ரிங் முட்டுக்கும் அதே விதியில் கணக்கு உண்டு. பதினைந்து அடி வரை அகலமான தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். இருபது அடி வரை பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21. சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கு இன்னும் சில நாள் கூடுதல். 'பலகை வேற சைட்டுக்கு வேணும் சார்' என்று அஞ்சாம் நாளே பிரிக்க வந்தால் நடுவில் நின்று மறியுங்கள். அந்தப் பலகைக்கு வாடகை ஏறுவது அவர் கவலை. நம் தலைக்கு மேல் இருப்பது நம் கவலை.

அப்புறம்தான் ஆட்டமே: தளம் போட்டதும் எல்லோரும் 'முடிஞ்சிடுச்சு' என்று கிருகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கப் போய்விடுவார்கள். பொதுவான கணக்கு என்ன தெரியுமா? கூரை விழுந்த அன்று மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதிதான் ஆகியிருக்கும். பூச்சு, ஒயரிங், குழாய், டைல்ஸ், கதவு, ஜன்னல், கிரில், பட்டி, பெயின்ட், பாத்ரூம் சாமான்... அடுத்த பாதி இங்கேதான் இருக்கிறது. மொத்த வீட்டுக்கும் ஆயிரம் சதுர அடிக்குச் சுமார் 400 மூட்டை சிமென்ட், மூன்றரை முதல் நாலு டன் கம்பி என்பது சைட்டுகளில் சொல்கிற தோராயக் கணக்கு. உங்கள் பிளானுக்கு என்ன என்று இன்ஜினீயர் எழுதித் தருவார்.

லிண்டலில் நின்ற கதை

நண்பர் ஒருவர் அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டென்ட். மற்றவர்கள் டி.ஏ. பில்லில் பன்னிரண்டு ரூபாய் ஆட்டோ சார்ஜ் கூடினால்கூடச் சிவப்பு இங்க்கால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிற மனிதர். 1,100 சதுர அடி வீடு, சதுர அடி 2,200. மொத்தம் 24 லட்சத்து 20 ஆயிரம். ஒப்பந்தத்தில் இப்படி இருந்தது: கையெழுத்துப் போடும்போது 10 சதவீதம், பூமி பூஜைக்கு 15, பேஸ்மென்ட்டுக்கு 20, லிண்டலுக்கு 25. கூட்டிப் பாருங்கள். லிண்டல் மட்டத்தில் வீடு நிற்கும்போது 70 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 17 லட்சம் போய்விட்டது!

அதற்கப்புறம் கான்ட்ராக்டர் வருவது குறைந்தது. முதலில் 'மழை சார்' என்றார். பிறகு 'ஆள் ஊருக்குப் போயிட்டாங்க'. பிறகு 'கம்பி விலை ஏறிடுச்சு, நீங்க கொஞ்சம் போட்டுக் கொடுத்தா...' கடைசியில் போனையே எடுக்கவில்லை. வேறு இன்ஜினீயரைக் கூட்டிவந்து மதிப்புப் போட்டால், நடந்திருக்கிற வேலை 9 லட்சத்துக்கு மேல் தேறவில்லை. மீதி 8 லட்சம், அந்த கான்ட்ராக்டரின் அடுத்த தெரு சைட்டில் வேறொருத்தர் வீட்டுக்குப் பேஸ்மென்ட்டாக நிற்கிறது. அந்த வீட்டுக்காரர் கொடுத்த அட்வான்ஸ் இன்னொரு தெருவில்.

நண்பர் பதினாலு மாசம் குடியிருக்கிற வீட்டுக்கு வாடகையும், கட்டாத வீட்டுக்கு வட்டியும் சேர்த்துக் கட்டினார். கூரை போட மனைவியின் நெக்லஸும் இரண்டு ஜோடி வளையலும் பேங்குக்குப் போயின. அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "ஆபீஸ்ல பில்லு வராம யாருக்காவது பணம் பாஸ் பண்ணுவீங்களா?" அவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை நம் வீட்டு அம்மணிகள் ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டால் நெக்லஸ் கழுத்திலேயே இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த கான்ட்ராக்டர் சதி செய்தார் என்பது இல்லை. அப்படி இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேலைக்கு முன்னால் பணம் ஓடினால் அவருக்குத் திரும்பி வர ஒரு காரணமும் மிச்சம் இருக்காது. அவ்வளவுதான்.

பணத்துக்கு முன்னால் வேலை ஓடட்டும்

அதே 24 லட்சத்துக்கு வேறு மாதிரி தவணை போடலாம். முன்பணம் 5 சதவீதம். பேஸ்மென்ட் முடிந்ததும் 15. லிண்டல் முடிந்ததும் 10. தளம் போட்டதும் 20. பூச்சும் பைப் வேலையும் முடிந்ததும் 15. தரை, கதவு, ஜன்னல் முடிந்ததும் 15. பெயின்ட், ஃபிட்டிங்ஸ் முடிந்ததும் 10. சாவி வாங்கும்போது 5. மீதி 5 சதவீதம் ஆறு மாசம் கழித்து.

கவனியுங்கள், எல்லாத் தவணையும் 'முடிந்ததும்'. 'ஆரம்பிக்கும்போது' என்று ஒன்றுகூட இல்லை. லிண்டல் மட்டத்தில் கொடுத்தது 30 சதவீதம். நண்பர் கொடுத்தது 70. கான்ட்ராக்டருக்கு இது கஷ்டமாக இருந்தால், அவர் கேட்கிற இடத்தில் இரண்டு, மூன்று சதவீதம் கூட்டித் தரலாம். அவரும் வாரக் கடைசியில் ஆட்களுக்குக் கூலி தர வேண்டுமே. ஆனால் பணம் வேலையை முந்தக் கூடாது. வீட்டுக் கடன் தருகிற வங்கி இப்படித்தான் கட்டம் கட்டமாக, ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டுத் தருகிறது. வங்கி நம் மேல் வைக்கிற சந்தேகத்தில் பாதியை நாம் கான்ட்ராக்டர் மேல் வைத்தால் போதும்.

அந்தக் கடைசி 5 சதவீதம்தான் ரிடென்ஷன். முடிந்தால் நடுவில் ஒரு ஐப்பசி, கார்த்திகை வருகிற மாதிரி நாள் குறியுங்கள். ஒழுகலைக் கண்டுபிடிப்பதில் வடகிழக்குப் பருவமழையை மிஞ்சிய இன்ஜினீயர் இன்னும் பிறக்கவில்லை. ஃபீஸும் வாங்காது!

காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

எல்லோரும் நல்லவர்கள்தான். அதனால்தான் எழுதிக்கொள்ள வேண்டும். நல்லவர்களுக்கு ஞாபக மறதி அதிகம்.

சதுர அடியை எப்படி அளப்பது என்பது முதல் வரி. போர்டிகோ முழு ரேட்டா, அரை ரேட்டா? மாடிப்படி ஹெட் ரூம்? பால்கனி? இதை எழுதாமல் விட்டால் 1,100 சதுர அடி வீடு பில்லில் 1,250 ஆக வளர்ந்திருக்கும். குழந்தைகூட அவ்வளவு வேகமாக வளராது.

'முதல் தரமான பொருட்கள்' என்கிற வாசகத்தை அடித்துவிட்டு, சிமென்ட், கம்பி, ஒயர், குழாய், பெயின்ட் ஒவ்வொன்றுக்கும் கம்பெனிப் பெயரை எழுதச் சொல்லுங்கள். 'அல்லது அதற்கு இணையானது' என்று ஒரு வால் இருக்கும். அந்த வாலில்தான் விஷம். 'சொந்தக்காரர் எழுத்தில் சம்மதித்தால்' என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் விஷம் இறங்கிவிடும். டைல்ஸுக்குச் சதுர அடிக்கு எவ்வளவு ரூபாய் வரை, தேக்கு எந்தெந்தக் கதவுக்கு, எத்தனை பிளக் பாயின்ட், எத்தனை கோட் பெயின்ட், எல்லாம் எண்ணில் இருக்கட்டும்.

எக்ஸ்ட்ரா வேலைக்கு ஒரே விதி. விலை பேசி எழுதின பிறகுதான் வேலை. 'இந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி வைங்களேன்' என்று மாமனார் சொல்லிவிட்டுப் போவது இலவசம்; கடைசி பில்லில் வருவது இலவசமில்லை. சொந்தங்கள் எல்லோரும் ஆலோசனையை உங்களிடம் சொல்லட்டும், மேஸ்திரியிடம் வேண்டாம்.

விலை ஏறினால் யார் தலையில் என்பதுதான் எஸ்கலேஷன் கிளாஸ். சிமென்ட், கம்பி விலை இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் கூடுதல் தருகிறேன் என்றால், இறங்கினால் கழித்துக்கொள்வேன் என்றும் எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22-ல் சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதைச் சொல்லித் தானாகவே பில்லைக் குறைத்த கான்ட்ராக்டர் யாராவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் அவருக்கே வேலையைக் கொடுங்கள்.

எத்தனை மாசத்தில் முடிக்க வேண்டும், தாமதமானால் மாசத்துக்கு எவ்வளவு பிடித்தம், நடுவில் விட்டுப்போனால் யார் மதிப்புப் போடுவது என்பதும் இருக்கட்டும். பணம் பேங்க் வழியாகவே போகட்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் செல்போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

'ரெரா இருக்கே சார்!' என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அது 500 சதுர மீட்டருக்கு மேலோ, எட்டு வீட்டுக்கு மேலோ கட்டி விற்கிறவர்களுக்கு. சொந்த மனையில் கட்டும் நம் தனி வீட்டுக்கு வராது. நமக்கு இருப்பது 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீட்டுக் கட்டுமானம் அதில் ஒரு 'சேவை'. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே, நாம் குடியிருக்கிற ஊரிலேயே புகார் தரலாம். இரண்டு வருஷத்துக்குள் தர வேண்டும். அங்கேயும் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.

இன்னொன்று. கான்ட்ராக்டரைச் சாராத ஒரு இன்ஜினீயரை, கட்டத்துக்கு ஒரு தரம் வந்து பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். அவருக்குத் தருகிற ஃபீஸ், பூமி பூஜை ஸ்வீட் பாக்ஸ் செலவை விடக் கொஞ்சம் கூட இருக்கும். அவ்வளவுதான்.

ஆக, அடுத்த தடவை கான்ட்ராக்டர் எதிரே உட்காரும்போது 'சதுர அடி என்ன ரேட் சார்?' என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் எடுத்துவந்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, நிதானமாக, "இந்த ரேட்டுல என்னென்ன சேர்த்தி இல்லைன்னு ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுங்களேன்" என்று கேளுங்கள்.

எழுதித் தருகிறவர் வீடு கட்டுவார். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்கிறவரிடம் காபிக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.